டியூட்டிக்கும் டிகிரிக்கும் நடுவே: வடசென்னைக்காரருக்கு எந்த வழி?

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் குடியிருக்கும் முன்னாள் ஹவில்தார் ஒருவர், பதினேழு ஆண்டுகள் ராணுவத்தில் இருந்துவிட்டு இப்போது மணலியில் ஒரு சரக்குக் கிடங்கில் இரவுக் காவல் பார்க்கிறார். இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் டியூட்டி காலை எட்டுக்கு முடியும். நான் தொலைநிலைக் கல்வியில் பட்டம் பெற்றவன் என்பதால், எந்தப் பல்கலைக்கழகத்தில் சேரலாம் என்று என்னிடம் யோசனை கேட்டார். கட்டணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், பிளஸ் டூ முடித்திருக்கிறாரா என்று நான் கேட்டேன். "பத்தாவதோட போனவன்தான் தம்பி. ஆனா ஆர்மியிலேயே டிகிரி சர்ட்டிபிகேட் கொடுத்துட்டாங்களே" என்றார்.

இந்தச் சான்றிதழைப் பற்றி முன்னாள் படைவீரர் பலரிடம் ஒரு மயக்கம் இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியுடன் பதினைந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் பணியாற்றியவர், பட்டம் கேட்கும் மத்திய அரசின் குரூப் சி பணிகளில், தொழில்நுட்பத் தகுதி தேவைப்படாதவற்றுக்கு விண்ணப்பிக்க அது உதவும். ஆனால் அது பல்கலைக்கழகப் பட்டம் ஆகாது. அதைக் காட்டி எம்.ஏ.வில் சேர முடியாது. வங்கிக் காவலர் வேலையோடு நிறைவடைபவருக்கு அது போதலாம். மேலே ஏற நினைப்பவருக்குப் போதாது.

பட்டம்தான் வேண்டும் என்று முடிவெடுத்தால், முதல் போட்டி இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கும் (இக்னோ) தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கும்தான். முன்னது 1985இல் மத்திய அரசாலும், பின்னது 2002இல் மாநில அரசாலும் தொடங்கப்பட்டவை. முறையான அங்கீகாரத்துடன் நடத்தப்படும் தொலைநிலைப் பட்டம் நேரடி வகுப்புப் பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் தெளிவுபடுத்திவிட்டதால், மதிப்பில் எது உசத்தி என்ற வாதத்துக்கு இங்கே பெரிய இடமில்லை. வேறுபாடு ஊர் மாறுவதிலும் மொழியிலும்தான் இருக்கிறது.

இன்னும் பணியில் இருக்கும் சிப்பாய்க்கு இக்னோவை விட்டால் எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஜூன், டிசம்பர் என ஆண்டுக்கு இரு முறை தேர்வு. விண்ணப்பிக்கும்போதே நாட்டின் எந்த நகரத்துத் தேர்வு மையத்தையும் தேர்ந்தெடுக்கலாம். மூன்றாண்டுப் பட்டத்தை ஆறாண்டுகள் வரை நீட்டி முடிக்கலாம். ஆவடியிலிருந்து திடீரென்று ஜம்முவுக்கு மாற்றல் வந்தாலும் படிப்பு அறுந்துபோகாது. மாநிலப் பல்கலைக்கழகத்தின் எல்லை மாநிலத்தோடு முடிந்துவிடுவதால் அந்த வசதியை அதனிடம் எதிர்பார்க்க முடியாது. 2022இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் நான்காண்டுப் பணிக்குச் சேர்ந்தவர்களுக்கோ இன்னொரு சலுகையும் உண்டு: இக்னோவின் தனிப் பட்டப்படிப்பில், பாதி மதிப்பெண் அலகுகள் (கிரெடிட்) படையில் பெறும் பயிற்சியிலிருந்தே கணக்கில் சேரும்.

ஆனால் பணி ஓய்வு பெற்று வடசென்னையில் நிலையாகத் தங்கிவிட்டவருக்கு இந்த அனுகூலங்களில் பாதி பயனற்றவை. அவருக்கு மொழிதான் பெரிய கேள்வி. இக்னோவில் பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே கிடைக்கின்றன. இந்தி பேசிப் பழகிய ராணுவக்காரர் இந்தியில் தேர்வு எழுதிவிடலாம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. கேன்டீனில் பேசும் இந்தி வேறு, பொருளாதாரக் கேள்விக்கு நான்கு பக்கம் எழுதும் இந்தி வேறு. வரலாறோ பொது நிர்வாகமோ படிக்க விரும்பும் நாற்பது வயதுக்காரருக்குத் தமிழில் பாடநூல் கிடைக்கும் மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமே தகுந்தது என்பது என் கணிப்பு.

போக்குவரத்து இன்று ஒரு பொருட்டல்ல. 2021இல் விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோவின் நீலத் தடத்தில் ஏறினால், சென்ட்ரலில் இறங்கி வேப்பேரியிலுள்ள இக்னோ மண்டல மையத்துக்கும், சைதாப்பேட்டையில் இறங்கி மற்றதற்கும் போகலாம். சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி நிறுவனமும் இருக்கிறது. 1857இல் தொடங்கிய பல்கலைக்கழகம் என்பதால் கல்யாணப் பத்திரிகையில் அதன் பெயருக்கு ஒரு கௌரவம் உண்டு. மற்றபடி மேற்சொன்ன ஒப்பீட்டை அது பெரிதாக மாற்றிவிடுவதில்லை.

வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி போன்றவற்றில் இருக்கும் மதியச் சுழற்சி வகுப்பையும் சொல்ல வேண்டும். ஆசிரியர் நேரில் கிடைப்பார். ஆனால் வருகைப்பதிவும் கேட்பார்கள். காலை எட்டுக்கு டியூட்டி முடித்து, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் சைக்கிளோடு நின்று, பத்து மணிக்குப் படுப்பவரால் மதியம் ஒன்றரைக்குப் பெஞ்சில் உட்கார முடியுமா என்று அவரவரே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

திறந்தநிலையிலும் சிக்கல் இல்லாமலில்லை. இக்னோவில் முப்பது விழுக்காடு மதிப்பெண் ஒப்படைப்புகளுக்கு (அசைன்மென்ட்); அவற்றைக் கையாலேயே எழுத வேண்டும். நான் படித்த காலத்தில், ஒரு படிப்பு மையத்தில் நேரில் கொடுத்த மூன்று ஒப்படைப்புகள் இணையத்தில் "பெறப்படவில்லை" என்றே ஓராண்டு கிடந்தன. முத்திரையிட்ட ஒப்புகைச் சீட்டை ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருந்ததால் தப்பித்தேன்.

ஹவில்தாரின் சங்கதிக்கு வருகிறேன். பிளஸ் டூ இல்லாதவர் ஆறு மாத ஆயத்தப் படிப்பை முடித்துவிட்டு இக்னோவில் பட்டத்தில் சேரலாம். கேட்க இனிப்பாக இருந்தாலும், பத்து, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும் என்று தமிழக அரசு 2009இல் ஆணையிட்டிருப்பதால், மாநில அரசு வேலைக்கு அந்தக் குறுக்குவழி உதவாது. அவருக்கோ பட்டம் கேட்கும் மாநில அரசின் குரூப் டூ தேர்வு மீதும் ஒரு கண். ஆகவே இரண்டு பல்கலைக்கழக விண்ணப்பங்களையும் மடித்து வைத்துவிட்டு, தனித்தேர்வராக மேல்நிலைத் தேர்வை முதலில் எழுதச் சொன்னேன். முகம் சுருங்கியது. ஒரு வாரம் பேசவில்லை. பிறகு பத்தாவது படிக்கும் தன் மகளையே கூட்டிக்கொண்டு வந்து, பிளஸ் ஒன் புத்தகம் பழையது எங்கே கிடைக்கும் என்று கேட்டார். அடுத்த ஆண்டு மகளுக்கும் அதே புத்தகம் ஆகுமாம்.