1,86,000 ஃபோரின்ட் போய்விட்டது: மத்யோ பூவேலை வாங்க நினைப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

உண்மை தெரிந்து இன்றோடு பத்து நாள். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஆறப்போட்டு எழுதினால் பாதியை விட்டுவிடுவேன், அதனால் இப்போதே எழுதுகிறேன். 1,86,000 ஃபோரின்ட், ஹங்கேரியின் பணத்தில். யூரோவில் ஏறக்குறைய 470, நம் ரூபாயில் நாற்பதாயிரத்துக்கு மேல். கையால் போட்ட பூவேலை என்று சொல்லி, கம்ப்யூட்டர் எம்பிராய்டரியை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஹங்கேரியின் வடகிழக்கில் மெஸோகொவெஷ்ட் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அங்கேயும் பக்கத்தில் உள்ள சென்ட்இஷ்ட்வான், டார்ட் கிராமங்களிலும் வாழ்கிறவர்களை மத்யோ மக்கள் என்பார்கள். அவர்களுடைய பூவேலையை யுனெஸ்கோ 2012-ல் தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. படத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கறுப்புத் துணியோ வெள்ளைத் துணியோ, அதன்மேல் சிவப்பு ரோஜாக்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். அடித்துணி எட்டிப் பார்க்க இடமே இருக்காது.

எனக்கு இதில் பல வருட ஆசை. என் அம்மா ஈரோட்டில் முப்பது வருடம் தையல் வேலை செய்தவர், ஆரி வேலையும் போடுவார். நானும் அவரிடம்தான் ஊசி பிடிக்கக் கற்றேன். மத்யோ பெண்களைப் பற்றிப் படித்தபோது சொந்தக்காரர்களைப் பற்றிப் படிப்பது போல இருந்தது. அங்கே துணியில் பூவை வரைந்து கொடுப்பவரை 'எழுதும் பெண்' என்றுதான் சொல்கிறார்கள். அவர் எழுதிக் கொடுத்ததன் மேல் மற்றவர்கள் நூல் போடுவார்கள். அப்படி எழுதியவர்களில் மிகவும் பேர்பெற்றவர் கிஷ்யான்கோ போரி (1876–1954). அவர் வாழ்ந்த ஓலைக்கூரை வீட்டை இன்றும் நினைவில்லமாக வைத்திருக்கிறார்கள்.

வசதியான மக்களும் இல்லை அவர்கள். கோடைக்காலம் முழுவதும் வெளியூர்ப் பண்ணைகளில் கூலி வேலைக்குப் போய் வந்தவர்கள். அந்தக் காசையும் உடுப்பில் போட்டார்கள். "வயிறு இரைந்தாலும் இரையட்டும், உடுப்பு மின்னினால் போதும்" என்பது அவர்களுடைய சொலவடை. உடுப்பில் தைத்த பளபளக்கும் உலோகச் சரிகையால் குடும்பங்கள் கடனில் மூழ்குகின்றன என்று 1925-ல் அதையெல்லாம் கழற்றவைத்து எரித்தார்கள். சரிகை போன பிறகும் ஊசியை அவர்கள் கீழே வைக்கவில்லை, வண்ண நூலிலேயே அந்த மினுக்கத்தைக் கொண்டுவந்தார்கள். அப்படிப்பட்டவர்களின் பெயரைச் சொல்லித்தான் என்னிடம் 1,86,000 ஃபோரின்ட் பிடுங்கினார்கள். எனக்கு வயிற்றெரிச்சல் அதனால்தான்.

நான் ஜெர்மனியில் வேலை பார்க்கிறேன். அம்மா மூன்று மாதம் என்னோடு இருக்க வந்திருக்கிறார், இந்த மாதம் அவருக்கு அறுபது நிறைகிறது. புடாபெஸ்டில் எனக்கு மூன்று நாள் அலுவலக வேலை இருந்தது. ஒரு நாள் கூடுதலாகத் தங்கி, மெஸோகொவெஷ்ட் போய், அம்மாவுக்கு ஒரு மேசை விரிப்பு வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். ஒருநாள் சுற்றுலாக்களை விற்கும் இணையதளம் ஒன்றில் தேடினேன். வேனில் கூட்டிப் போய்க் கூட்டி வருவார்கள், வழிகாட்டி உண்டு, "பூவேலை செய்யும் பெண்ணை நேரில் சந்தித்து, அவர் கையாலேயே வாங்கலாம்" என்று போட்டிருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் பதிவு செய்தேன்.

திங்கட்கிழமை. முதல் ஏமாற்று அதிலேயே இருந்திருக்கிறது. ஹங்கேரியில் பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை. அது அந்த வழிகாட்டிக்குத் தெரியாமல் இருக்குமா? ஊரின் பழைய பகுதியான ஹடாஷில் இறக்கிவிட்டார். வெள்ளையடித்த சுவர், ஓலைக்கூரை, சந்து சந்தாகச் சின்ன வீடுகள். அவ்வளவு அழகு. எங்கள் நேரத்துக்கு எல்லாக் கதவும் பூட்டியிருந்தது. போரியின் வீட்டை வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். "கவலைப்படாதீர்கள், நிஜமான ஆளிடமே கூட்டிப் போகிறேன்" என்றார் வழிகாட்டி.

வேனில் ஏறியதும் ஒரு கதை சொன்னார். ஒரு பெண்ணின் காதலனைச் சாத்தான் தூக்கிக்கொண்டு போய்விட்டதாம். கோடையின் அழகான பூக்களை மடி நிறையக் கொண்டுவந்தால் விட்டுவிடுகிறேன் என்றதாம். அதுவோ கொட்டும் பனிக்காலம். அவள் தன் முன்துணியிலேயே ரோஜாக்களைத் தைத்து எடுத்துக்கொண்டு போய் அவனை மீட்டாளாம். மத்யோ பூவேலை பிறந்த கதை இதுதான் என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்து இருக்கையில் இருந்த இரண்டு பெண்களுக்கும் அப்படித்தான்.

ஊரை விட்டு வெளியே வந்து, நெடுஞ்சாலைக்குப் போகும் வழியில் ஒரு கடை. பரிசுப்பொருள் கடை வகைதான், ஆனால் வாசலில் ஒரு பாட்டி உட்கார்ந்து வளையத்தில் துணியை மாட்டித் தைத்துக்கொண்டிருந்தார். அவர் தைத்தது நிஜம். நான் பார்த்தேன், எனக்குத் தையல் தெரியும். ஒரே சீரான சாட்டின் தையல், நூல் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் படுத்திருந்தது. எனக்கும் ஊசி பிடிக்கத் தெரியும் என்று சைகையில் சொன்னதும், தன் ஊசியை என் கையில் கொடுத்து இரண்டு தையல் போடச் சொன்னார். போட்டேன். என் கன்னத்தைத் தட்டிச் சிரித்தார். அந்த நிமிடத்தில் நான் முழுசாக விழுந்துவிட்டேன். அந்தப் பாட்டிக்கு இந்த ஏமாற்றில் பங்கு உண்டா, அல்லது அவரையும் கூலி கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்களா என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

உள்ளே கடைக்காரம்மா கறுப்பு விரிப்பு ஒன்றை எடுத்து வந்தார். நடுவில் பெரிய ரோஜாக் கொத்து, நாலு மூலையிலும் சின்னக் கொத்து. "வெளியே இருக்கிற பாட்டி போன குளிர்காலம் முழுக்கப் போட்டது" என்று வழிகாட்டி மொழிபெயர்த்தார். பின்பக்கம் கறுப்பு லைனிங் வைத்துச் சுற்றிலும் தைத்து மூடியிருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். நூல் இழுபடாமல் இருக்க என்றார்கள். நியாயமாகத்தான் பட்டது. விலை 1,86,000 ஃபோரின்ட். ஒரு குளிர்காலம் முழுக்கச் செய்த வேலைக்கு இது குறைச்சல் என்றுகூட நினைத்தேன். பேரம் பேசவில்லை. உழைத்தவரிடம் எப்படிப் பேரம் பேசுவது? அட்டையைப் போட்டு, ரகசிய எண்ணையும் அழுத்திவிட்டு, போகும்போது பாட்டியின் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

பிறந்தநாள் வரை பொறுக்காமல் அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா முன்பக்கத்தை ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. நேராகத் திருப்பினார். ஊரில் ஆரி வேலை போட்ட ஜாக்கெட் எதைக் கொடுத்தாலும் உள்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார், அந்தப் பழக்கம். "ஏங்கண்ணு, இதை எதுக்கு மூடி வெச்சிருக்காங்க?" என்றார். நகத்தால் ரோஜாவைத் தடவினார். அப்புறம் மூலைகளை ஒன்றோடொன்று மடித்து வைத்துப் பார்த்தார். நாலு மூலையிலும் இடதுபக்க இரண்டாவது இதழில் ஒரே இடத்தில், ஒரே அளவில் ஒரு சின்ன இடைவெளி. நாலிலும்! மனுஷக் கை ஒரே தப்பை நாலு முறை அச்சுப்போல் செய்யாது. பிளேடு வாங்கி லைனிங்கைப் பிரித்தார். உள்ளே முழுக்க மெஷினின் கீழ்நூலான வெள்ளை பாபின் நூல். மெஷினில் போடும்போது துணிக்கு அடியில் வைக்கும் கேன்வாஸ் தாள், பூவைச் சுற்றிக் கத்தரித்தபடி அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

கையால் போட்ட சாட்டின் தையலில் பின்பக்கமும் ஏறக்குறைய முன்பக்கம் போலவே அதே நிறத்தில் இருக்கும், ஏனென்றால் ஒரே நூல்தான் மேலும் கீழும் போய் வருகிறது. மெஷினில் மேல்நூல் வேறு, கீழ்நூல் வேறு. அதை மறைக்கத்தான் லைனிங். இவ்வளவும் தெரிந்த நான் கடையில் அதைத் தூக்கிப் பார்க்கவில்லை. அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. "பரவாயில்ல கண்ணு, பூ நல்லாத்தான் இருக்குது" என்றார். அதுதான் தாங்கமுடியவில்லை.

மெஷினில் போடுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. மெஷின் என்று சொல்லி மெஷின் விலைக்கு விற்றால் யாருக்கு என்ன கஷ்டம்?

அன்றிரவே கடைக்கு மின்னஞ்சல் அனுப்பினேன், படங்களோடு. மூன்று நாள் கழித்து வந்த பதில்: "எங்கள் பொருட்கள் அனைத்தும் மத்யோ மரபை அடிப்படையாகக் கொண்டவை." கையால் போட்டதா இல்லையா என்று கேட்டேன். ரசீதைப் பாருங்கள் என்றார்கள். பார்த்தேன். அதில் 'பூவேலை செய்த விரிப்பு' என்று மட்டும்தான் ஹங்கேரிய மொழியில் இருக்கிறது. கையால் என்ற சொல்லே இல்லை. சொன்னதெல்லாம் வாய்வார்த்தை, அதுவும் வழிகாட்டியின் வாய்வார்த்தை. திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். 14 நாள் திருப்பும் உரிமை இணையத்தில் வாங்கியதற்குத்தான், கடைக்கு வந்து வாங்கியதற்கு இல்லை என்றார்கள். சட்டம் மட்டும் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

வழிகாட்டிக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். படித்ததற்கான நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை. மறுநாள் அவருடைய படமே காணவில்லை, என்னைத் தடுத்துவிட்டார் போல.

இணையதளத்தின் உதவிப் பிரிவு இன்னும் மோசம். முதலில் ஒரு தானியங்கி, அப்புறம் ஒரு ஆள், அப்புறம் இன்னொரு ஆள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். "உங்கள் ஏமாற்றத்தைப் புரிந்துகொள்கிறோம். பயணத்தின்போது செய்த கொள்முதல் எங்கள் பொறுப்பில் வராது." அப்படியானால் "அவர் கையாலேயே வாங்கலாம்" என்று உங்கள் பக்கத்தில் போட்டது யார்? அதற்குப் பதில் இல்லை. அடுத்த பயணத்துக்குப் பத்து யூரோ தள்ளுபடி தருகிறார்களாம். நான் இழந்தது 1,86,000 ஃபோரின்ட், அவர்கள் நீட்டுவது பத்து யூரோ.

வங்கியில் கேட்டால், பொருள் கையில் வந்துவிட்டது, ரகசிய எண்ணும் நீங்களே போட்டது என்கிறார்கள். விவரித்தது ஒன்று, கொடுத்தது இன்னொன்று என்று ஆதாரத்தோடு எழுதித் தாருங்கள், பார்க்கலாம் என்று ஒரு படிவம் மட்டும் வந்திருக்கிறது.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அவ்வளவு பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். லைனிங் வைத்து மூடியதை வாங்காதீர்கள், என்ன காரணம் சொன்னாலும். பின்பக்கம் வெள்ளை நூல் இருந்தால் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். மூலைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். 'கேஸி' என்றால் கையால், 'கேபி' என்றால் மெஷினால். இந்த இரண்டு சொல் போதும். ரசீதில் 'கேஸி' என்று எழுதித் தரச் சொல்லுங்கள், தயங்கினால் பணத்தை வெளியே எடுக்காதீர்கள். வேனும் வழிகாட்டியும் தேவையே இல்லை. புடாபெஸ்ட் கெலெட்டி நிலையத்திலிருந்து மிஷ்கோல்ட்ஸ் பக்கம் போகும் ரயிலில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் மெஸோகொவெஷ்டிலேயே இறங்கலாம். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள்.

அந்த ஊரில் நிஜமாகவே மாதக்கணக்கில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு தைக்கிற பெண்கள் இருக்கிறார்கள். என் பணம் அவர்களில் ஒருவருக்குப் போயிருக்க வேண்டும். தயவுசெய்து இதைப் படித்துவிட்டு ஊருக்கே போகாமல் இருந்துவிடாதீர்கள்.

பின்பக்கத்தின் படங்கள், நாலு மூலைகளின் படங்கள், சுற்றுலா விளம்பரத்தின் படம் எல்லாவற்றையும் இன்று காலை வங்கிக்கு அனுப்பியிருக்கிறேன். ஐரோப்பிய நுகர்வோர் மையத்துக்கும் எழுதியாகிவிட்டது. பதில் வந்ததும் இதன் கீழேயே போடுகிறேன். இதே மாதிரி வேனில் போய், இதே மாதிரி லைனிங் வைத்த விரிப்பு வாங்கியவர்கள் யாராவது இருந்தால் ஒரு மூலையைப் பிரித்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.