மூக்குத் தடிப்புக்கு லேசர்: மூன்று ஆண்டுக்குப் பிறகு

லேசரால் மூக்கின் தடித்த தோலைச் சீவி எடுத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சிகிச்சை முடிந்த மாதமே எழுதியிருந்தால் புகழ்ந்து தள்ளியிருப்பேன். எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்று இப்போதுதான் சொல்ல முடிகிறது.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். வெள்ளி உருக்கும் உலைக்கும் பற்றவைக்கும் தீக்கும் எதிரிலேயே வாலிபம் போனது. நாற்பதைத் தாண்டியதும் கன்னமும் மூக்கும் எரிய ஆரம்பித்தன. மாநிறத் தோல் என்பதால் சிவப்பு யார் கண்ணிலும் படவில்லை. பருவுக்கென்று மருந்துக் கடையில் கொடுத்த களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. அது நோயைக் கிளறிவிட்டது. முகம் சிவந்து எரியும் ரோசேசியா என்ற தோல் நோய் முற்றி, எண்ணெய்ச் சுரப்பிகள் பெருத்து, மூக்கு நுனி ஆரஞ்சுத் தோல் மாதிரி குழி குழியாகத் தடித்தது. இதற்கு ரைனோஃபைமா என்று பெயர். குடியால் வருவது என்று ஊரெல்லாம் நம்புகிறார்கள், அது தவறு. மது முகச்சிவப்பைத் தூண்டலாம், ஆனால் தொடவே தொடாதவர்களுக்கும் இது வரும். மகளுக்கு வரன் பேச வந்தவர்கள் "அப்பா குடிப்பாரா?" என்று தனியே விசாரித்ததை என்னால் மறக்க முடியவில்லை.

எனக்குச் செய்தது கார்பன் டை ஆக்சைடு லேசர். 10,600 நானோமீட்டர் அலைநீளமுள்ள அந்த ஒளியைத் திசுவில் உள்ள நீர் உறிஞ்சிக்கொள்வதால் திசு ஆவியாகிறது. சிறு ரத்தக்குழாய்களும் அடைபடுவதால் ரத்தம் அதிகம் வராது. மூக்கைச் சுற்றிப் போட்ட மரத்துப்போகும் ஊசிதான் வலித்தது. பிறகு முடி பொசுங்கும் வாடை மட்டும். ஒவ்வொரு அடுக்கு கரிந்ததும் மருத்துவர் ஈரத் துணியால் துடைத்தார். நடுநடுவே மூக்கை அழுத்தி, துளைகளில் எண்ணெய் கசிகிறதா என்று பார்த்தார். சுரப்பியின் அடிப்பகுதி மிஞ்சினால்தான் அதிலிருந்து புதுத்தோல் வளரும். அதையும் எரித்துவிட்டால் தழும்புதான். அவர் அவசரப்படாததற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். தடித்த திசுவுக்குள் தோல் புற்றுநோய் மறைந்திருக்கலாம் என்பதால் சிறு துண்டு ஒன்றைப் பரிசோதனைக்கும் அனுப்பினார். இதை நீங்களும் கேட்டு வாங்குங்கள்.

முதல் வாரம் நீர் கசிந்துகொண்டே இருந்தது. புண் காயக் கூடாது. உப்பு நீரால் துடைத்து வாசலினைத் தாராளமாகப் பூச வேண்டும். தோல் மூடிய பிறகும் சிவப்பு அடங்கப் பல மாதங்கள் பிடித்தன. இடது நாசியோரம் ஒரு வெளிறிய திட்டு நிரந்தரமாகிவிட்டது. நம் நிறத் தோலில் வெளிறலோ கருமையோ தங்கிவிடும் வாய்ப்பு உண்டு. மாநிறத் தோலில் அனுபவமுள்ளவரிடமே போங்கள். பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மூக்கின் வடிவம் நிலைத்தது, மூச்சும் தடையில்லாமல் போகிறது. எரிச்சல் போகவில்லை, லேசர் தடிப்பை எடுக்கும், ரோசேசியாவை எடுக்காது. ஐவர்மெக்டின் களிம்பு தொடர்கிறது. சூடு எரிச்சலைக் கிளப்பும் என்பதால் பற்றவைப்பைத் தம்பி மகனிடம் விட்டுவிட்டேன், உலைக்கு மேல் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறது, ரசமும் காபியும் ஆறிய பிறகுதான். ஏற்காடு போனாலும் சன்ஸ்கிரீன் பூசாமல் இறங்குவதில்லை. மேலே குளிர்தான், ஆனால் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் புற ஊதாக் கதிர் சேலத்தைவிடக் கடுமை.

வலது பக்கம் இப்போது லேசாகத் தடிக்கிறது. களிம்பே போதும் என்கிறார் மருத்துவர். கூடினால் மறுபடியும் செய்துகொள்வேன்.