வயலூர் ரோட்டு மிக்ஸி ரிப்பேர் கடை: நான்கு நட்சத்திரம்

கடைக்குப் பெயர் கிடையாது. ஷட்டருக்கு மேலே ‘மிக்ஸி, கிரைண்டர், குக்கர் ரிப்பேர்’ என்று நீலப் பெயின்டில் எழுதியிருக்கும், அவ்வளவுதான். திருச்சி புத்தூர் நால் ரோட்டிலிருந்து வயலூர் ரோட்டில் கொஞ்ச தூரம் வர வேண்டும்.

போன மாதம் ஒரு காலையில், தேங்காய்ச் சட்னி பாதி அரைபட்டிருக்கும்போது என் 750 வாட் மிக்ஸி நின்றுபோனது. உள்ளே பொறி பறந்தது, கருகல் வாடை வேறு. முதலில் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த வேறொரு கடைக்குத்தான் கொண்டுபோனேன். அங்கே சுவர் முழுக்கச் சாமி படம், புது மாலை, ஊதுபத்தி. அதைப் பார்த்து நம்பித்தான் உள்ளே போனேன். நான் சஷ்டி தவறாமல் வயலூர் முருகனைப் பார்க்கிறவள். அந்தக் கடைக்காரர் மிக்ஸியைத் திறக்கக்கூட இல்லை. முகர்ந்து பார்த்துவிட்டு, “ஆர்மேச்சர் போச்சு மேடம், 1,650 ஆகும்” என்றார். ஆர்மேச்சர் என்றால் மோட்டாருக்குள் சுழலும் பகுதி.

இட்லிக் கடை அக்காதான் இந்தப் பெரியவரிடம் அனுப்பினார். இங்கே சுவரில் மாலை இல்லாத பெரியார் படம் ஒன்று, பக்கத்தில் ‘கடவுளை மற, மனிதனை நினை’ என்று போட்ட காலண்டர். நெற்றி நிறைய விபூதியோடு வாசலில் ஒரு நிமிடம் தயங்கினேன். “வாங்கம்மா, என்ன சத்தம் வந்துச்சு?” என்று மிக்ஸியை வாங்கி, என் கண்ணெதிரிலேயே அடி மூடியைக் கழற்றினார்.

ஆர்மேச்சர் நன்றாகவே இருந்தது. தேய்ந்தது இரண்டு கார்பன் பிரஷ்கள்தான். அவை சுழலும் செம்புப் பட்டைகளைத் தொட்டுக்கொண்டே இருந்தால்தான் மோட்டாருக்குக் கரண்ட் போகுமாம். கட்டையாகிவிட்டால் சரியாகத் தொடாமல் பொறி பறக்குமாம். பட்டையில் படிந்திருந்த கரியை உப்புத்தாளால் துடைத்துப் புது பிரஷ் போட்டார். பொருள் 60 ரூபாய், கூலி 100. பழைய பிரஷ்களைக் காகிதத்தில் மடித்து என்னிடமே கொடுத்தார். “மாத்துனேனா இல்லையான்னு உங்களுக்குத் தெரியணும்ல.”

மனது கேட்கவில்லை. “ஏண்ணே, சாமி பயமும் இல்ல. நானும் இதைப் பத்தி ஒண்ணும் தெரியாதவ. 1,600ன்னு சொல்லியிருந்தாலும் கொடுத்துட்டுப் போயிருப்பேன்” என்றேன். அவர் நிமிராமலே, “உங்களுக்குத் தெரியாதுங்கறதாலதானம்மா என்கிட்ட வந்தீங்க” என்றார். தொழில் பழகிய இடத்தில் எதைக் கொண்டுவந்தாலும் மோட்டார் போச்சு என்று சொல்லச் சொன்னார்களாம். ஒருமுறை பலகாரம் சுட்டு விற்கும் ஒரு அம்மா தோட்டை அடகு வைத்துப் பணம் கொண்டுவந்ததைப் பார்த்த பிறகு அங்கே போகவில்லையாம். வேறு விளக்கம் எதுவும் அவர் சொல்லவில்லை.

சாமி படம் மாட்டுகிறவர்கள் எல்லாம் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்ல வரவில்லை. எங்கள் பால்காரர் வண்டியிலும் முருகன் இருக்கிறார். பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது. ஆனால் நான் இத்தனை வருடம் படத்தைப் பார்த்துக் கடை தேர்ந்தெடுத்தது வெட்கமாகத்தான் இருக்கிறது.

அடுத்த சஷ்டிக்குப் பஞ்சாமிர்தம் கொண்டுபோனேன், வாங்குவாரோ மாட்டாரோ என்ற பயத்தோடு. “சாமிதான் இல்லன்னேன், வாழப்பழம் இல்லன்னு சொன்னேனா?” என்று வழித்துச் சாப்பிட்டார். ஆயுத பூஜைக்குக் கடைப் பையன் ஸ்க்ரூடிரைவருக்கெல்லாம் சந்தனம் வைப்பானாம். இவர் தடுப்பதில்லை, பொரிகடலையில் பங்கு மட்டும் கேட்பாராம்.

குறைகளும் உண்டு. பத்தரைக்கு முன்னால் திறப்பதில்லை. ‘நாளைக்கு’ என்றால் மூன்று நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜிபே கிடையாது. ராகு காலம் முடியட்டும் என்று யாராவது வாசலில் நின்றால் அரை மணி நேரம் வகுப்பு எடுப்பார், அதற்குள் ராகு காலமே முடிந்துவிடும். இதற்காகத்தான் ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தேன்.

போகும்போது ஜாரையும் எடுத்துப் போங்கள். ஜாரின் அடியில் பிளேடு அச்சைத் தாங்கும் புஷ் தேய்ந்து தண்ணீர் கசிந்தால் அது மோட்டாருக்குள் இறங்கிவிடும். நான் ஜாரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய், இரண்டாவது தடவை ஆட்டோவுக்கு 80 ரூபாய் கொடுத்தேன்.