நீலகிரிக் குளிருக்கு எந்தத் துணி? பல குளிர்காலங்கள் உடுத்திப் பார்த்த அனுபவம்

உதகமண்டலத்தின் குளிர்காலம் ஒரே தன்மையுடையது அன்று. அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை தூறலையும் மேகமூட்டத்தையும் கொண்டுவருகிறது. அந்நாட்களில் வெப்பமானி 10 டிகிரி செல்சியஸுக்கு மேல் காட்டினாலும், காற்றிலுள்ள ஈரம் உடைக்குள் புகுந்து உடம்பை விடாமல் நடுக்கும். மழை விலகி வானம் தெளிந்ததும் நிலைமை முற்றிலும் மாறுகிறது. இரவில் தரையின் வெப்பம் தடையின்றி வெளியேறிவிடுவதால், தலைகுந்தா போன்ற தாழ்வான புல்வெளிகளில் விடியற்காலையில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். அதே நாள் நண்பகலில், 2,240 மீட்டர் உயரத்து வெயிலில், 20 டிகிரியைத் தொடும் வெப்பத்தில் ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டியிருக்கும். இங்குள்ள பெரும்பாலான வீடுகளில் அறையைச் சூடாக்கும் ஏற்பாடு எதுவும் இல்லாததால், வீட்டுக்குள்ளும் உடையே துணை. உதகைக்கும் குன்னூருக்கும் இடையே நாள்தோறும் இருசக்கர வண்டியில் சென்று வருபவன் என்ற முறையில், பல குளிர்காலங்களாக உடுத்தியும் துவைத்தும் உலர்த்தியும் பார்த்த துணிகளைப் பற்றி இங்கே எழுதுகிறேன். நீலகிரிக்கு உடை வாங்குபவர் துணியின் தடிமனைப் பார்ப்பதைவிட, அது ஈரத்தை எப்படி ஏற்கிறது, எவ்வளவு விரைவில் விடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காரணம் எளிது. நம்மைச் சூடாக வைத்திருப்பது நூல் அன்று. நூல்களுக்கிடையே அசையாமல் தங்கியிருக்கும் காற்று. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. எனவே அந்தக் காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால், எவ்வளவு தடித்த உடையாக இருந்தாலும் பயனில்லை. சாதாரண ஈரப்பதமுள்ள காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீத ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். கம்பளி சுமார் 16 சதவீதம். கம்பளி போலத் தோன்றும் செயற்கை இழையான அக்ரிலிக் 2 சதவீதத்தை ஒட்டி. பாலியெஸ்டர் அரை சதவீதத்துக்கும் குறைவு. இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் கம்பளியே மோசமானது என்று தோன்றும். ஆனால் கம்பளி அந்த ஈரத்தை இழையின் உட்புறத்தில் ஏற்றுக்கொள்கிறது. மேற்புறம் நீரை விலக்குகிறது. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை ஏற்ற பிறகும் அது தோலுக்கு நனைந்த உணர்வைத் தருவதில்லை. அதோடு, ஈரத்தை உறிஞ்சும்போது சிறிதளவு வெப்பத்தையும் வெளியிடுகிறது. நனைந்த பருத்தியோ தோலோடு ஒட்டிக்கொண்டு உடம்பின் சூட்டைப் பறிக்கிறது.

இந்த வேறுபாடு முதலில் தெரிவது உள்ளாடையில்தான். திருப்பூரில் தயாராகும் பருத்தி கலந்த தெர்மல் உள்ளாடைகள் விலை குறைவானவை, மென்மையானவை, எங்கும் கிடைப்பவை. வீட்டுக்குள் இருக்கவும் இரவில் உறங்கவும் அவற்றைவிட இதமானவை இல்லை. ஆனால் உதகையில் எங்கு போவதானாலும் ஒரு மேட்டையாவது ஏறியாக வேண்டும். ஏறும்போது முதுகில் வியர்க்கும். மேலே போய்ப் பேருந்துக்காக நிற்கும் பத்து நிமிடங்களில் அந்த வியர்வையே குளிர்ந்து உடம்பை உலுக்கும். பருத்தித் தெர்மல் அணிந்த நாட்களில் இது தவறாமல் நடந்தது. பாலியெஸ்டர் தெர்மலுக்கு மாறியபோது இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. அது வியர்வையைப் பிடித்து வைக்காமல் வெளியே கடத்திவிடுகிறது, துவைத்தாலும் ஒரே இரவில் உலர்ந்துவிடுகிறது. ஆனால் ஒருநாள் அணிந்தாலே நாற்றம் ஏறிவிடுகிறது. சில மாதங்களுக்குப் பிறகு துவைத்தாலும் அது முழுமையாகப் போவதில்லை.

மெரினோ என்னும் செம்மறியாட்டு இனத்தின் மெல்லிய கம்பளியால் ஆன உள்ளாடையின் விலை பல மடங்கு அதிகம் என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் என்னிடமுள்ள குளிர்கால உடைகளில் மனம் முழுமையாக நிறைந்தது அதில்தான். கம்பளி என்றாலே அரிக்கும் என்று ஒதுக்குபவர்கள் இதை அறிய வேண்டும்: தோலைக் குத்துவது சுமார் 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடித்த இழைகளே. நல்ல மெரினோவின் சராசரி இழை 18 அல்லது 19 மைக்ரான் அளவில் இருப்பதால், குத்துவதற்குப் பதிலாக வளைந்துகொடுக்கிறது. தொடர்ந்து சில நாட்கள் அணிந்தாலும் வாடை வருவதில்லை. துணி உலராத மழை நாட்களில் இது எவ்வளவு பெரிய வசதி என்பது மலையில் வாழ்பவர்களுக்குத் தெரியும். குறை என்றால், மெல்லிய துணியாதலால் பையின் வார் உரசும் தோள்பட்டையில் விரைவில் நைந்து ஓட்டை விழுகிறது.

ஸ்வெட்டர் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது தாவரவியல் பூங்கா செல்லும் வழியில் உள்ள திபெத்தியர் கடைகள். அங்கே அடுக்கியிருப்பவற்றில் பெரும்பகுதி பஞ்சாபின் லூதியானாவில் தயாராகி வருபவை. வாங்குபவர்கள் எல்லாவற்றையும் கம்பளி என்றே சொன்னாலும், அவற்றில் பல அக்ரிலிக் நூலால் பின்னப்பட்டவை. அக்ரிலிக்கை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எடை குறைவு, நிறம் மங்காது, பூச்சி அரிக்காது, விலையும் எல்லோருக்கும் எட்டும். காற்று வீசாத வறண்ட குளிரில் அது தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. இரண்டு குளிர்காலங்களுக்குள் முழங்கையிலும் அக்குளிலும் பஞ்சு உருண்டைகள் திரண்டு, பின்னல் தளர்ந்து, உள்ளே காற்றைப் பிடித்துவைக்கும் திறன் குறைந்துவிடுகிறது என்பதே அதன் குறை. தூய கம்பளி ஸ்வெட்டர் பத்தாண்டுகளைக் கடந்தும் உருக்குலையாமல் இருக்கிறது. இழையில் இயற்கையாகவே உள்ள சுருள்தான் அதற்குக் காரணம். அழுத்தினாலும் மீண்டும் எழுந்து காற்றுக்கு இடம் தருகிறது.

எது கம்பளி, எது அக்ரிலிக் என்று ஐயம் வந்தால், தையல் ஓரத்திலிருந்து ஓர் இழையை எடுத்து வீட்டில் எரித்துப் பார்க்கலாம். கம்பளி தயங்கித் தயங்கி எரிந்து, தலைமுடி கருகும் வாடை வீசி, விரலால் நசுக்கினால் பொடியாகும் சாம்பலை விடும். அக்ரிலிக்கும் பாலியெஸ்டரும் உருகிக் கெட்டியான மணியாக இறுகும். பருத்தி காகிதம் எரியும் வாடையோடு மெல்லிய சாம்பலாகும். கலப்பு நூலில் இந்தச் சோதனை தெளிவான விடை தராது. அங்கே உள்பட்டியில் அச்சிட்டுள்ள விகிதத்தைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

உள்ளூர்க் கம்பளியைப் பற்றியும் ஒரு சொல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனியன் மெரினோ, செவியட், சவுத்டவுன் ஆகிய இனங்கள் கலந்து உருவான நீலகிரி ஆடு, தென்னிந்தியாவில் மென்மையான கம்பளி தரும் அரிய இனம். சாண்டிநல்லாவில் உள்ள செம்மறியாட்டு இனவிருத்தி ஆராய்ச்சி நிலையம் அதைப் பேணி வருகிறது. அந்தக் கம்பளியில் நெய்த போர்வையும் ஸ்வெட்டரும் கடைத்தெருவில் எளிதாகக் கிடைக்கும் நிலை வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். இதே மலையில் தோடர்கள் சிவப்பும் கறுப்புமான நூலால் பூவேலை செய்து போர்த்தும் தடித்த வெள்ளைப் பருத்திப் போர்வை, 2013 ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. பருத்தி இந்தக் குளிருக்கு முற்றிலும் ஆகாது என்று சொல்பவர்கள் அந்தப் போர்வையைப் போர்த்திப் பார்க்கலாம். உறைபனி விழும் வறண்ட மாலையில், நனையாமல் அமர்ந்திருப்பவருக்குத் தடித்த பருத்தி நன்றாகவே சூடு தருகிறது.

உள்ளாடைக்கும் மேலுடைக்கும் நடுவில் அணிய, எனக்கு எல்லாவற்றிலும் அதிகமாக உழைத்தது பாலியெஸ்டர் ஃப்ளீஸ், அதாவது மேற்புறத்தைப் பஞ்சுபோல் எழுப்பிய பின்னல் துணி. தூறலில் நனைந்தால் உதறிவிட்டுத் தொடர்ந்து அணியலாம். கம்பளி ஸ்வெட்டர் முழுதும் நனைந்தால் ஈரநாட்களில் உலர மூன்று நான்கு நாட்கள் கூட ஆகும், ஃப்ளீஸ் மறுநாளே அணியத் தயாராகிவிடும். ஆனால் பின்னலின் இடைவெளி வழியே காற்று தாராளமாகப் புகும். வண்டியில் போகும்போது மேலே காற்றுத்தடுப்பு உடை இல்லையென்றால், ஃப்ளீஸ் அணிந்திருப்பதும் அணியாதிருப்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். துவைக்கும் ஒவ்வொரு முறையும் நுண்ணிய பிளாஸ்டிக் இழைகள் தண்ணீரில் கலக்கின்றன என்பதால், அதை அடிக்கடி துவைப்பதில்லை. இந்த மலையின் ஓடைகள் பவானிக்கும் மோயாற்றுக்கும் போய்ச் சேர்பவை.

நெருப்பருகே ஃப்ளீஸும் அக்ரிலிக்கும் ஆபத்தானவை. மாலையில் விறகு மூட்டிக் குளிர்காய்வது இங்கே வழக்கம். ஒரு பொறி பட்டாலும் இந்தத் துணிகள் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கம்பளி எளிதில் தீப்பற்றாது, உருகவும் செய்யாது. குழந்தைகள் நெருப்பருகே அமரும் வீடுகளில் மேலாடை கம்பளியாகவோ தடித்த பருத்தியாகவோ இருக்க வேண்டும் என்பதை மிக அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

வெளியே அணியும் காற்றுத்தடுப்பு உடையில் கவனிக்க வேண்டியது உட்பூச்சு. நைலான் துணியின் உட்புறத்தில் பாலியுரேத்தேன் என்னும் பிளாஸ்டிக்கைப் பூசியிருப்பார்கள். ஈரக்காற்றில் அந்தப் பூச்சு மெல்ல மெல்லச் சிதைகிறது. பெட்டிக்குள் மடித்து வைத்தால், அணியாமலேயே சில ஆண்டுகளில் பிசுபிசுத்து, வெள்ளைச் செதிலாக உரிந்துவிடும். மடிக்காமல் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுவது அதன் ஆயுளை நீட்டிக்கிறது. வாங்கும்போது ஒரு சுற்று பெரிதாக வாங்க வேண்டும். இறுக்கமான மேலுடை உள்ளேயுள்ள ஃப்ளீஸை நசுக்கி, சூடு தரும் காற்றையே வெளியேற்றிவிடும். இறகு நிரப்பிய ஜாக்கெட்டை இந்த ஊருக்குப் பரிந்துரைக்க மாட்டேன். வறண்ட இமயக் குளிரில் எடைக்கு அதைவிடச் சூடு தருவது வேறில்லை. ஆனால் ஈரம் பட்டால் இறகு கட்டியாகி அமுங்கிவிடும், தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் பூஞ்சை வாடையும் ஏறும். அதே வடிவில் பாலியெஸ்டர் பஞ்சு நிரப்பியது சற்றுக் கனமானாலும் இங்கே நம்பகமானது.

பராமரிப்பில் கம்பளிதான் பொறுமையைக் கேட்கிறது. குளிர்ந்த நீரில், கம்பளிக்கென விற்கும் திரவ சோப்பில், கசக்காமல் அலச வேண்டும்; பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் நீரின் எடையால் நீண்டுவிடும். எடுத்து வைக்கும் முன் அழுக்கு துளியும் இருக்கக் கூடாது, ஏனெனில் அந்துப்பூச்சியின் புழு வியர்வைக் கறை படிந்த இடத்தையே முதலில் தின்கிறது. அந்துருண்டை போடுபவர்கள், மறுபடி அணியும் முன் ஒருநாள் முழுவதும் வெயிலில் காய வைப்பது நல்லது. அதன் நெடி குழந்தைகளுக்கு ஆகாது.

கையில் உள்ள பணம் ஒரே ஒரு நல்ல பொருளுக்குத்தான் போதும் என்றால், ஸ்வெட்டருக்கு முன்பு கம்பளியும் நைலானும் கலந்த காலுறைகள் இரண்டு இணை வாங்குமாறு சொல்வேன். தூறலில் நடந்து ஈரமான காலணிக்குள் பருத்திக் காலுறையோடு நாள் முழுவதும் இருப்பவருக்கு, மேலே எத்தனை அடுக்கு உடுத்தினாலும் குளிர் விடுவதில்லை. கம்பளி சூட்டுக்கும் நைலான் உழைப்புக்கும் சேர்ந்த அந்தக் கலவை, குதிகால் தேயாமல் பல குளிர்காலங்கள் வருகிறது.