உமையாள் ஆச்சியின் மந்திரப் பேரேடு: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஸ்டார்ட்டர் செட்

மே மாதம் பள்ளத்தூர் வீட்டில் எல்லாரும் கூடும்போது, பிள்ளைகள் ஆளுக்கொரு தூணில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்கள். இந்த வருடம் அண்ணன் மகன் கோயம்புத்தூரிலிருந்து வரும்போதே கையில் ஒரு அட்டைப் பெட்டி. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், 2014-ல் வந்த ஸ்டார்ட்டர் செட். இணையத்தில் பழைய சாமான் விற்கிற யாரிடமோ வாங்கியிருக்கிறான். பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. ஆறு பகடைக் கட்டைகள் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்துதான் இருந்தன. பத்துப் பக்கக் கட்டையைக் காணோம். விற்றவருக்கு எழுதிக் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. பழையதாக வாங்குபவர்கள், பணம் கொடுக்குமுன் கட்டைகளை எண்ணிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

எனக்கு வேலை காரைக்குடியில், ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில். பகல் முழுக்க ஜி.எஸ்.டி., பற்று, வரவு. மந்திரம், டிராகன் இதெல்லாம் நமக்கு ஆகாது என்றுதான் நினைத்தேன். "அத்தை, ஆள் குறையுது, வாங்க" என்று அவன் பிடித்து உட்கார வைத்துவிட்டான். நாலு சாயங்காலம் ஆடினோம். அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஆட்டம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974-ல் வெளியிட்டது. ஒருவர் கதையை நடத்துவார், அவர் டி.எம். (டன்ஜன் மாஸ்டர்), எங்களுக்கு அண்ணன் மகன். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். "பாதையில் இரண்டு குதிரைகள் செத்துக் கிடக்கின்றன, என்ன செய்கிறீர்கள்?" என்பார் டி.எம். நீங்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லலாம். காரியம் பலிக்குமா என்று சந்தேகம் வந்தால் இருபது பக்கக் கட்டையை உருட்டி, உங்கள் திறமைக்கான எண்ணைக் கூட்டிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். வெற்றி தோல்வி என்று கடைசியில் ஒன்றும் கிடையாது, கதை போய்க்கொண்டே இருக்கும்.

பெட்டிக்குள் 32 பக்க விதிப் புத்தகம், 64 பக்கக் கதைப் புத்தகம், தயாராக எழுதி வைத்த ஐந்து பாத்திரத் தாள்கள். இந்தத் தாள்களில்தான் எனக்கு முதல் மனத்தாங்கல். ஐந்தில் பிரபுகுலத்தவர் ஒருவர் உண்டு, அவர் கோடரி சுழற்றும் வீரர். மந்திரவாதியும் உண்டு, அது எல்ஃப் என்ற கற்பனை இனம், பழைய பிழைப்பு கோயில் ஊழியம். எனக்கு வேண்டியது இரண்டும் சேர்ந்த ஆள்: பெரிய வீட்டுப் பெண், வித்தை கற்றவள். அப்படி ஒரு தாள் இல்லை. சரி, நாமே எழுதலாம் என்றால், பாத்திரம் உருவாக்கும் முறை இந்தப் பெட்டியிலேயே இல்லை. அதற்கு 'பேசிக் ரூல்ஸ்' என்று இலவசமாக இணையத்தில் கிடைப்பதை இறக்கிக்கொள்ள வேண்டும். அதில் வீரர், திருடர், குரு, மந்திரவாதி என்று நாலே தொழில்கள். எனக்கு அது போதும். புதிய பேருந்து நிலையம் பக்கம் ஒரு கடையில் வேண்டிய பக்கங்களை மட்டும் பிரிண்ட் எடுத்து வந்தேன்.

இப்படிப் பிறந்தவள்தான் உமையாள். மனிதப் பெண், பிரபுகுலம், மந்திரவாதி. அறிவு 16, உடல்வலு 9. உயிர்ப்புள்ளி எட்டே எட்டு. கவசம் போடத் தெரியாது. ஒரு கோப்ளின் (கதையில் வரும் குட்டி அரக்கன்) இரண்டு தடவை நன்றாகக் குத்தினால் ஆள் காலி. ஆனால் பிரபுகுலம் என்று தாளில் எழுதியவுடன் என்ன கொடுக்கிறார்கள் தெரியுமா? ஒரு முத்திரை மோதிரம், வம்சாவளி எழுதிய ஒரு சுருள், பையில் 25 பொன். அண்ணன் மகன் இதை வாசித்ததும், ஊஞ்சலில் இருந்த ஆத்தா (என் அம்மா) நிமிர்ந்து உட்கார்ந்து, "வம்சாவளியா? அப்ப எந்தக் கோவில்?" என்று கேட்டார். (எங்கள் நகரத்தார் வீடுகளில் குலத்தைக் கோவில் பேரால்தான் சொல்வது.) அவனுக்கு வாயடைத்துவிட்டது. ஆத்தா விடவில்லை. "பேரு உமையாள்ங்கிறீக, கோவில் இல்லாம எப்படி? இளையாத்தங்குடின்னு போடு." போட்டோம். நெவர்வின்டர் என்ற மாய நகரத்துச் சீமாட்டி, இளையாத்தங்குடிக் கோவில்.

மந்திரவாதி என்றதும் கோலை ஆட்டிக் கையை விரித்தால் நெருப்பு வரும் என்று நினைத்திருந்தேன். விதிகளைப் படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது சுத்தமான கணக்குப்பிள்ளை வேலை! மந்திரவாதியின் உயிரே ஒரு ஏட்டில் இருக்கிறது. முதல் நிலையில் அதில் ஆறு மந்திரங்கள். தினமும் காலையில் அந்த ஆறில் சிலவற்றை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். எத்தனை? அறிவுக்கு உரிய எண்ணோடு நிலையைக் கூட்டிக்கொள்ளணும், உமையாளுக்கு மூன்றும் ஒன்றும் நாலு. எடுத்து வைத்தாலும் நினைத்தபோதெல்லாம் ஏவ முடியாது, ஓய்வெடுக்கும்வரை இரண்டு தடவைதான். வேறு எவருடைய ஏடாவது கிடைத்தால் அதிலிருந்து படியெடுக்கலாம், ஆனால் மந்திரத்தின் நிலை ஒவ்வொன்றுக்கும் 50 பொன் செலவு, இரண்டு மணி நேரம். இருப்பு, ஒதுக்கீடு, செலவு, படியெடுப்பு. வேறென்ன இது? பேரேடுதான்.

எங்கள் அப்பச்சி (அப்பா) முகப்பில் சாய்வுமேசை போட்டுப் பேரேடு எழுதுவார். மை உலரும்வரை பக்கத்தைத் திருப்ப மாட்டார். அண்ணனுக்குப் பத்து வயதிலேயே பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டேன். கேட்டால், "நீ போய் ஆத்தாளுக்குக் கொட்டான் பின்னிக் கொடு" என்பார். அன்பாகத்தான் சொல்வார், அதில் குறை இல்லை. பிற்பாடு நான் பி.காம். படித்ததும் அவர் காசில்தான். ஆனாலும் அந்தத் தூணும் அதன் வழுவழுப்பும் இன்னும் கையில் இருக்கிறது. உமையாளின் பூர்வகதை என்று அண்ணன் மகன் கேட்டபோது யோசிக்கவே இல்லை: வீட்டில் வித்தை தம்பிக்கு மட்டும், இவள் தூணுக்குப் பின்னால் நின்று கற்றாள், ஒரு நாள் ஏட்டை எடுத்துக்கொண்டு வண்டி ஏறிவிட்டாள். அந்தத் தம்பியாக என் மகன் வந்தான், பெட்டியில் இருந்த பிரபுகுல வீரனின் தாளோடு. அக்காவைத் திருப்பி அழைத்து வர அனுப்பப்பட்டவன், கூடவே சுற்றுகிறான்.

கதையும் நம் ஊருக்குத் தோதானதுதான். ஒரு பாரவண்டியை நெவர்வின்டரிலிருந்து ஃபண்டலின் என்ற சின்ன ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், ஆளுக்குப் பத்துப் பொன் கூலி. கடல் கடந்து கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்ய, போன வம்சத்துக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ரங்கூனுக்கும் மலேயாவுக்கும் போன கடைகளில் பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்று ஏறுவார்களே, அதே போல இந்த ஆட்டத்திலும் நிலை நிலையாக ஏற வேண்டும். பெட்டியில் இருக்கும் விதிகள் ஐந்தாம் நிலைவரை போகின்றன. முதல் நிலை மந்திரவாதி, சந்தேகமே இல்லாமல், பெட்டியடிப் பையன்.

ஆட்டப்பலகை எதுவும் தேவைப்படவில்லை. விதிப்படி ஒரு கட்டம் ஐந்து அடி. பட்டாலைக் கூடத்தில் இருக்கும் ஆத்தங்குடிக் கல் ஒவ்வொன்றையும் ஒரு கட்டமாக வைத்துக்கொண்டோம். ஒரு முறைக்கு 30 அடி நடக்கலாம் என்றால் ஆறு கல். கோப்ளின்களுக்குப் புளியங்கொட்டை, எங்களுக்குச் சோழி. முதல் சண்டையில் நாலு புளியங்கொட்டைகள் புதரிலிருந்து பாய்ந்தன. தம்பி கோடரியை ஓங்கி, "அக்கா, நீ வண்டிக்கு அடியில் போ" என்றான். (என் மகன்தான், வீட்டில் தட்டைக்கூட எடுத்து வைக்க மாட்டான்.) உமையாள் போகவில்லை, உறக்க மந்திரத்தை ஏவினாள். அதற்கு எட்டுப் பக்கக் கட்டை ஐந்து உருட்ட வேண்டும். பெட்டியில் ஒன்றுதான் இருக்கிறது, ஆகவே ஐந்து தடவை உருட்டினேன்: மூன்று, ஏழு, ஒன்று, எட்டு, ஐந்து. கூட்டினால் இருபத்துநாலு. ஒரு கோப்ளினுக்கு உயிர்ப்புள்ளி ஏழு. மூவேழு இருபத்தொன்று, மூன்று பேர் குப்புற விழுந்து குறட்டை. மிச்சம் மூன்றை வைத்து நாலாவது ஆளைத் தூங்க வைக்க முடியாது. அவனுக்கு நெருப்புக் கணை. அதற்குத் தேவைப்படுவது அந்தக் காணாமல் போன பத்துப் பக்கக் கட்டை! இருபது பக்கத்தை உருட்டிக் கடைசி இலக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம், சுழி வந்தால் பத்து. இந்த வழி யாருக்காவது உதவும்.

கட்டை என்றதும் ஆத்தாவுக்குக் கை துறுதுறுத்தது. எழுபத்தெட்டு வயது, தாயத்தில் அவரை இன்னும் யாரும் ஜெயித்ததில்லை. "ஒரு தடவை உருட்டுங்க அப்பத்தா" என்று அண்ணன் மகன் கொடுத்தான். ஆத்தா இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்து உரசி, ஊதி, உருட்டினார். விழுந்தது ஒன்று. "தாயம்! இறக்கு காயை!" என்று தொடையில் தட்டினார். இந்த ஆட்டத்திலோ ஒன்றுதான் இருப்பதிலேயே மோசம், அடி கட்டாயம் தவறும். எத்தனை சொல்லியும் ஆத்தா ஒத்துக்கொள்ளவில்லை. தாயம் விழுந்தால் மறு உருட்டு உண்டு, அதுதான் உலக வழக்கம் என்று நின்றுவிட்டார். கடைசியில் அண்ணன் மகள்தான் தன் பாத்திரத் தாளில் கண்டுபிடித்தாள்: ஹாஃப்ளிங் என்ற குள்ள இனத்துக்கு ஒன்று விழுந்தால் மறுபடி உருட்டலாமாம். அன்றிலிருந்து அவளுடைய ஹாஃப்ளிங் திருடிக்கு உருட்டுவது ஆத்தா.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 1978-ல் வந்த கையேட்டில் மனிதப் பெண்ணின் உடல்வலு 18/50-க்கு மேல் போகக் கூடாது என்று விதியே இருந்தது. ஆணுக்கு 18/00 வரை உண்டு (கோட்டுக்குப் பின்னால் இருப்பது நூற்றுக்கு எத்தனை என்ற கணக்கு, 00 என்றால் நூறு). 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். 2014-ல் வந்த விதிகள், ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை என்கின்றன. நல்லதுதான். ஆனால் என் உமையாளுக்கு அதில் ஒரு சங்கடம். பெண் என்பதற்காக அவளை யாருமே தடுக்கவில்லை என்றால் அவள் யாரை மீறுவாள்? ஃபண்டலினில் ஊர்த்தலைவர், கடைக்காரர், சத்திரத்துக்காரர் எல்லாரும் வாங்க வாங்க என்றால் அவளுடைய வீம்புக்கு வேலையே இல்லை. புத்தகம் தடையைத் தராது, வேண்டுமானால் டி.எம்.தான் கட்ட வேண்டும்.

அண்ணன் மகன் அதை எங்கள் வீட்டிலிருந்தே எடுத்துக் கட்டினான். மூன்றாம் நாள், மந்திரவாதிகள் மன்றம் என்று ஒன்றைக் கொண்டுவந்தான். மன்றத்தில் உட்கார வேண்டுமானால் எங்கள் ஊர்க் கோவில் கணக்கு மாதிரி புள்ளியாக, அதாவது பேர் பதிந்த குடும்பமாக, இருக்க வேண்டும். கல்யாணமான ஆண்மகன் தலைமையில்தான் புள்ளி. "ஆச்சி, உங்கள் வீட்டுப் புள்ளி யார் பேரில் இருக்கிறது?" என்று வாயிற்காவலன் குரலில் கேட்டான். எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. ஊஞ்சல் சத்தமும் நின்றுவிட்டது.

"வேடமாற்று மந்திரம் இருக்குல்ல அத்தை, ஆம்பளையா மாறிப் போயிடுங்க" என்று அவனே வழியும் சொன்னான். ஏட்டில் இருக்கிறது, உண்மைதான். அன்று காலையில் நான் எடுத்து வைத்த நாலில் அது இல்லை. வேண்டுமென்றே எடுக்கவில்லை. மோதிரத்தைக் காட்டி, சுருளை விரித்து, "என் பேரில்தான்" என்றேன். உருட்டச் சொன்னான். பதினாலு, பேச்சுத் திறமைக்கு மூன்று, மொத்தம் பதினேழு. அவன் மனதில் வைத்திருந்த எண் பதினெட்டாம். வெளியே தள்ளிவிட்டார்கள்.

குறைகள் என்று பார்த்தால், ஆங்கிலம் கொஞ்சம் கனம். பத்தாவது படிக்கும் பிள்ளைகளுக்குக்கூட டி.எம். வாசித்துச் சொல்ல வேண்டியிருந்தது. கட்டைகள் வகைக்கு ஒன்று என்பது மந்திரவாதிக்குக் கட்டுப்படியாகாது. டி.எம். சுமாராக இருந்தால் ஆட்டமும் சுமார்தான். 2024-ல் திருத்திய விதிகள் வந்துவிட்டன, புதிதாக வாங்குபவர்கள் அதற்கேற்ற பெட்டியைக் கேட்டு வாங்குங்கள். எங்களைப் போல வீட்டில் கைமாறும் பழைய பெட்டி கிடைத்தால் அதுவே போதும், விதிகளில் ஓட்டை ஒன்றும் இல்லை. நான் ஐந்துக்கு நாலு போடுவேன். அந்த ஒன்று போனது, சீமாட்டி மந்திரவாதிக்கு ஒரு தாள்கூட வைக்காததற்கு.

கடைசி நாள், டி.எம். மனமிரங்கி, பாழடைந்த வீடு ஒன்றில் செத்துப்போன மந்திரவாதியின் ஏட்டைக் கிடைக்க வைத்தான். உமையாளுக்கு வேண்டிய முதல் நிலை மந்திரங்கள் அதில் இரண்டு இருந்தன. படியெடுக்க 100 பொன். கையில் 25-ம் கூலி பத்தும், ஆக 35. ஊர்க் கடைக்காரரிடம் 65 பொன் கடன் கேட்டேன். "வட்டி என்ன?" என்றான் அவர் குரலில். நான் சொல்வதற்குள் ஊஞ்சலிலிருந்து, "வட்டிக்கு வாங்காதே, வண்டியில இருக்கிற சரக்குல பங்கு கேளு" என்று ஆத்தா குரல் வந்தது. கேட்டேன். பத்தொன்பது விழுந்தது. ஆத்தாவுக்கு எட்டு மணிக்கு மாத்திரை இருந்ததால் அன்றோடு நிறுத்திக்கொண்டோம்.

பாத்திரத் தாள்களை மடித்துப் பெட்டியில் வைத்து, பெட்டியை இரண்டாங்கட்டு அலமாரியில் அப்பச்சியின் பேரேடுகளுக்கு மேலே ஏற்றியிருக்கிறது. உமையாளின் தாளுக்குப் பின்பக்கம் நான் பென்சிலால் கோடு போட்டு எழுதியிருக்கிறேன்: வரவு 35, கடைக்காரர் பங்கு 65, படியெடுப்புச் செலவு 100, இருப்பு இல்லை. தீபாவளிக்கு எல்லாரும் வருகிறார்கள். அதற்குள் யாராவது காரைக்குடிப் பக்கம் பத்துப் பக்கக் கட்டை தனியாக விற்கும் கடை தெரிந்தால் சொல்லுங்கள்.