ரெண்டருக்கு முன்பே ரவுட் தரவு: பல ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

உலாவியில் மட்டும் இயங்கிக்கொண்டிருந்த ஒரு ரியாக்ட் (இணையப் பக்கங்களைக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) செயலியைச் சர்வரிலேயே ரெண்டர் செய்ய, அதாவது பக்கத்தின் எச்டிஎம்எல்லை அங்கேயே உருவாக்க, வேண்டும் என்று நாங்கள் முடிவெடுத்தது 2017இல், முகவரிக்கேற்ற பக்கத்தைக் காட்ட உதவும் ரியாக்ட் ரவுட்டர் நூலகத்தின் 4ஆம் பதிப்பு வெளிவந்த சில மாதங்களுக்குப் பின். முதல் முயற்சியில் பக்கம் வந்துவிட்டது. ஆனால் மூல நிரலைத் திறந்து பார்த்தால் எல்லாப் பக்கத்திலும் சுழலும் வட்டம் மட்டுமே இருந்தது. பக்கத்தை எச்டிஎம்எல் உரையாக்கும் ரெண்டர்-டு-ஸ்ட்ரிங் எந்தத் தரவுக்காகவும் காத்திருக்காமல் ஒரே ஓட்டமாக முடிந்துவிடும் என்பதும், நாங்கள் தரவை அழைத்துக்கொண்டிருந்த காம்பொனென்ட்-டிட்-மவுண்ட் (காம்பொனென்ட், அதாவது பக்கத்தின் ஒரு பகுதியை வரையும் நிரல் துண்டு, உலாவியில் ஏறிய பின் இயங்கும் ஃபங்ஷன்) சர்வரில் இயங்குவதே இல்லை என்பதும் அன்றுதான் எங்களுக்கு உறைத்தது.

ரெண்டர் தொடங்கும் முன்பே தரவு கையில் இருக்க வேண்டும் என்றால், எந்தத் தரவு வேண்டும் என்பதைக் காம்பொனென்டிடம் கேட்க முடியாது. அது இன்னும் பிறக்கவே இல்லை. அந்த நேரத்தில் சர்வரிடம் இருப்பது முகவரி ஒன்றுதான். எனவே ரவுட்களை (எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்ற விதிகளை) ஒரு பட்டியலாக எழுதி, ஒவ்வொன்றுடனும் தரவு ஏற்றும் ஒரு ஃபங்ஷனை இணைத்து, வந்த முகவரிக்குப் பொருந்தும் ரவுட்களின் ஃபங்ஷன்களை ஒன்றாக ஓடவிட்டு, எல்லாம் முடிந்த பிறகே ரெண்டரைத் தொடங்கினோம். 2022இல் வந்த ரியாக்ட் ரவுட்டர் 6.4இன் லோடருக்கு (ரவுட்டுடன் இணைந்த தரவு ஏற்றும் ஃபங்ஷன்) மாறியபோது பெயர்களும் இலக்கணமும் மாறினவே தவிர, அடிப்படை எண்ணம் மாறவில்லை. ரியாக்டின் மேல் கட்டப்பட்ட நெக்ஸ்ட் ஜேஎஸ்ஸின் கெட்-சர்வர்சைட்-ப்ராப்ஸும் இதே எண்ணம்தான்.

இந்த முறையில் எழுதத் தெரிவதைவிட, எதற்குக் காத்திருப்பது என்று முடிவெடுப்பதே கடினம் என்பது என் அனுபவம். எல்லா அழைப்புகளையும் ப்ராமிஸ்-ஆல் கொண்டு ஒன்றாக ஓடவிட்டாலும், மிக மெதுவானது முடியும்வரை பயனருக்கு ஒரு பைட் கூடப் போகாது. எங்கள் பொருள் விவரப் பக்கத்தில் அடியில் கிடந்த பரிந்துரைப் பட்டியல், அதைப் பலர் பார்ப்பதே இல்லை என்றாலும், முழுப் பக்கத்தையும் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தது. பக்கத்தைத் துண்டு துண்டாக அனுப்பும் ரியாக்ட் 18இன் ஸ்ட்ரீமிங் வந்த பிறகு, தலைப்பு, விலை போன்றவற்றுக்கு மட்டும் லோடரில் காத்திருந்து, பரிந்துரையை ப்ராமிஸாகவே (இன்னும் முடியாத அழைப்பாகவே) திருப்பி அனுப்பி, தரவு வரும்வரை மாற்று உருவைக் காட்டும் சஸ்பென்ஸிடம் விட்டுவிட்டோம்.

அதிலும் ஒரு பாடம் காத்திருந்தது. ஸ்ட்ரீம் ஓடத் தொடங்கிவிட்டால் 'எல்லாம் சரி' என்று பொருள்படும் 200 என்ற நிலைக்குறியீடு ஏற்கெனவே போய்விட்டிருக்கும். அதன் பிறகு 404 ('பக்கம் இல்லை') என்றோ வேறு முகவரிக்குத் திருப்புகிறோம் என்றோ சொல்ல வழியில்லை. பொருள் இருக்கிறதா என்ற சோதனையையே தள்ளிப்போடும் பகுதிக்குள் வைத்துவிட்டதால், 'பொருள் கிடைக்கவில்லை' என்ற பக்கங்கள் எல்லாம் 200உடன் தேடுபொறிகளுக்குப் போய்க்கொண்டிருந்தன.

ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த ரவுட்களின் லோடர்கள் இணையாக ஓடுவது வேகத்துக்கு நல்லது. பாதுகாப்பை நினைத்தால் அதுவே பொறி. பெற்றோர் ரவுட்டின் லோடரில் உள்நுழைவுச் சோதனை இருந்தால் பிள்ளைக்கும் அது காவல் என்று நம்பியிருந்தோம். பெற்றோர் 'திரும்பிப் போ' என்று சொல்வதற்குள் பிள்ளை தரவுத்தளத்தைக் கேட்டு முடித்துவிடுகிறது என்பதைப் பதிவேடுகளில் பார்த்த பிறகு, ஒவ்வொரு லோடரின் முதல் வரியிலும் அந்தச் சோதனையை எழுதினோம். அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் இதில் சுருக்குவழி தேட எனக்குத் துணிவில்லை.

ஏற்றிய தரவு ஜேசனாக (உரை வடிவிலான தரவாக) எச்டிஎம்எல்லுக்குள்ளேயே பதிந்து போகிறது என்பதை மறப்பது எளிது. தரவுத்தள வரிசையை அப்படியே திருப்பிய ஒரு லோடரால், திரையில் எங்கும் காட்டாத உள் குறிப்புகள் பக்க மூலத்தில் யார் கண்ணுக்கும் தெரியும்படி கிடந்தன. லோடர் என்பதும் ஒரு பொது ஏபிஐதான் (வெளியார் தரவு கேட்கும் வாசல்) என்று அன்று முதல் நடத்துகிறோம். கையால் ஜேசனைப் பதித்த பழைய நாள்களில், பயனர் எழுதிய உரையில் ஸ்கிரிப்ட் முடிவுக் குறி வந்தால் பக்கமே உடையும் என்பதால் கோணக் குறிகளை யூனிகோட் வடிவுக்கு மாற்ற வேண்டியிருந்தது. செயலியின் தரவை வைத்திருக்கும் ரெடக்ஸ் ஸ்டோரை மாட்யூல் அளவில், எல்லாக் கோரிக்கைகளுக்கும் பொதுவாக, ஒருமுறை மட்டும் உருவாக்கி, ஒரு பயனரின் பெயரை இன்னொருவருக்குக் காட்டிய பிழையும் அக்காலத்தியதே. கோரிக்கைக்கு ஒரு ஸ்டோர் என்று மாற்றியதும் தீர்ந்தது.

இன்றும் எனக்கு உறுத்துவது ஒன்றுண்டு: ஒரே தரவு எச்டிஎம்எல்லாக ஒருமுறையும் ஹைட்ரேஷனுக்கான (வந்த எச்டிஎம்எல்லை உலாவியில் ரியாக்ட் இயங்கவைப்பதற்கான) ஜேசனாக ஒருமுறையும் பயணிக்கிறது. நீண்ட அட்டவணைகள் கொண்ட பக்கங்களில் இது நன்றாகவே கனக்கிறது. உள்நுழைந்தவர்கள் மட்டும் பார்க்கும், தேடுபொறிக்குத் தேவையே இல்லாத அப்படியொரு அறிக்கைப் பக்கத்தில் தரவை முன்கூட்டியே ஏற்றுவதை அண்மையில் எடுத்துவிட்டு, பழையபடி உலாவியிலேயே தரவை அழைக்கிறோம். சுழலும் வட்டம் அந்தப் பக்கத்துக்குத் திரும்பியிருக்கிறது. இதுவரை யாரும் குறை சொல்லவில்லை.