ஜெலட்டின் பூசிய பேப்பர்: சென்னை வெயிலில் சில வருடப் புழக்கம்

கம் பைக்ரோமேட் அச்சில் (பிசினில் நிறமியும் பைக்ரோமேட் உப்பும் கலந்து பேப்பரில் பூசி, ஒளி காட்டி, ஒளி படாத இடத்தைத் தண்ணீரில் கழுவி எடுக்கும் பழைய புகைப்பட அச்சு முறை) வெள்ளை வெள்ளையாகவே நிற்க வேண்டுமென்றால் பேப்பருக்கு ஜெலட்டின் பூச்சு கட்டாயம். சில வருடம் புழங்கிய பிறகும் இதில் என் எண்ணம் மாறவில்லை. நல்ல வாட்டர்கலர் பேப்பர் ஆலையிலேயே சைசிங் (தண்ணீரை எளிதில் உறிஞ்சாமல் காக்கும் பூச்சு) போட்டுத்தான் வருகிறது; ஒரே அடுக்கு அச்சுக்கு அது பெரும்பாலும் தாங்கும். மூன்று நிறம், நான்கு நிறம் என்று போகும்போது ஒவ்வொரு சுற்றிலும் பேப்பர் நெடுநேரம் தண்ணீரில் ஊறுகிறது. அந்தக் காப்பு தளர்ந்ததும் நிறமி நாருக்குள் இறங்கிவிடும். இறங்கியதை அப்புறம் எவ்வளவு கழுவினாலும் எடுக்க முடியாது.

முதலில் 300 ஜிஎஸ்எம் பருத்திப் பேப்பரைச் சுடுநீரில் ஊறவைத்து, காயவிட்டு, சுருங்க வேண்டியதைச் சுருக்கிவிடுகிறேன். இதைச் செய்யாவிட்டால் அடுத்த நிறம் முந்தையதன் மேல் சரியாகப் பொருந்தாது. ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் 30 கிராம் ஜெலட்டினைத் தூவி இருபது நிமிடம் ஊறவிட்டு, சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 50 டிகிரி வரை சூடாக்கினால் தெளிவாகக் கரைந்துவிடும். கொதிக்க விட்டால் அதன் இறுகும் தன்மையே குறைந்துபோகும். உணவுத் தர ஜெலட்டின் போதும், ப்ளூம் (இறுகும் வலிமையைக் காட்டும் அளவு) 250 என்று போட்டிருந்தால் இன்னும் நல்லது. மளிகைக் கடை சைனா கிராஸ் கடல்பாசியிலிருந்து வருவது. அது இதற்கு மாற்றாகாது.

புத்தகங்களில் உள்ள செய்முறைகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. மே மாதம் இங்கே அறை வெப்பமே 33 டிகிரியைத் தாண்டும்போது, கிளிப்பில் மாட்டிய தாளில் ஜெலட்டின் இறுகாமல் வழிந்து கீழ் ஓரத்தில் சேரும். காய்ந்ததும் சாய்த்துப் பார்த்தால் அந்த ஓரம் மட்டும் பளபளக்கும். அந்த இடத்தில் நிறமிக்குப் பிடிப்பில்லை. கழுவும்போது உரிந்து வந்துவிடும். ஏசி அறையில் தாளை மாட்டி, சில நிமிடத்தில் தலைகீழாகத் திருப்பி மாட்டுவதுதான் எனக்குக் கைகொடுத்த வழி. ஐப்பசி, கார்த்திகை மழையில் நேர்மாறான தொல்லை: காய நாளாகும், மெல்ல ஒரு வாடை கிளம்பும், பூஞ்சையும் பிடிக்கும். அதனால் வருடத்துக்கு வேண்டிய பேப்பரை மார்கழி, தை மாதங்களிலேயே பூசி வைத்துவிடுகிறேன். வசதி இருப்பவர்கள் இதைச் செய்யுங்கள். எந்தக் கம்பெனி பேப்பர் என்ற கேள்வியைவிட இது பெரிய வித்தியாசம் தரும்.

பூச்சு தண்ணீரில் நிற்க அதைக் கெட்டிப்படுத்த வேண்டும். ஃபார்மலின் (ஃபார்மால்டிஹைடு கரைசல்) நன்றாக வேலை செய்யும், ஆனால் புற்றுநோய் தரக்கூடிய அந்த ஆவியை வீட்டுக்குள் விட எனக்கு மனமில்லை. குரோம் ஆலம் என்ற குரோமிய உப்பு லேசாகப் பச்சை சாயம் விடும். நான் நிலைத்தது கிளையாக்ஸால் என்ற கெட்டிப்படுத்தும் ரசாயனத்தில்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 40 சதவீதக் கரைசல் 20 மி.லி., ஒரு சிட்டிகை சமையல் சோடா, ஐந்து நிமிடம். கையுறையும் திறந்த ஜன்னலும் இதற்கும் வேண்டும். பிறகு ஓடும் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். அலசல் போதாத தாள்கள் மாதங்கள் போகப் போக மஞ்சளாகிவிடும்.

காய்ந்த தாளின் ஓரத்தில் ஒரு சொட்டு வெந்நீர் விட்டு விரலால் தேய்த்துப் பார்க்கலாம். கொழகொழப்பு வந்தால் இன்னும் கெட்டிப்படவில்லை. சொட்டு முத்தாக நின்று, தேய்த்த இடம் வெறும் ஈரமாக மட்டும் இருந்தால் சரி. கறையை மதிப்பிட தாலோ நீலம் என்ற அடர்நீல நிறமியைத்தான் பூசுகிறேன். மற்ற நிறமிகளைவிட அது பிடிவாதமாகக் கறை விடும். ஒளி படாத ஓரத்தில் அது சுத்தமாகக் கழன்றால் அந்தத் தாளில் எதையும் அச்சிடலாம்.

சயனோடைப் (இரும்பு உப்பில் எடுக்கும் நீல நிறப் புகைப்பட அச்சு) மட்டும் செய்பவர்களுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. சோடாவின் காரம் மிச்சமிருந்தால் நீலம் வெளுத்தும்போகும். சைவப் பொருள்தான் வேண்டும் என்பவர்கள் சயனோடைப்புக்கும் உப்பு அச்சுக்கும் (உப்பும் வெள்ளி நைட்ரேட்டும் பூசி எடுக்கும் பழைய முறை) கூவைக்கிழங்கு மாவுக் கஞ்சியைப் பூசலாம். கம் அச்சின் நீண்ட ஊறலை அது தாங்காது.

பூசிய தாள்களை ஜிப் உறையில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். வெள்ளிமீன் பூச்சிக்கு ஜெலட்டின் மிகவும் பிடிக்கும். அலமாரியில் சும்மா அடுக்கினால் மேல்பரப்பைச் சுரண்டித் தின்றுவிடும்.